வாசகர் சூட்டும் பெயர்

இணையம் நூலகத்துக்குள் வந்ததும் நூலகர்களுக்கு ஒரு புதிய வேலை சேர்ந்துகொண்டது. நல்ல தளங்களைத் தேடிப் பிடித்துப் பட்டியல் போட்டு வைக்க வேண்டும். வாசகர் வந்து கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பொது நூலகத்தில் பணியாற்றிய கரோல் லீடா இதை மிகவும் முன்கூட்டியே தொடங்கிவிட்டார். 1990களின் தொடக்கத்தில், வலைத்தளங்கள் பரவலாவதற்கு முன்பிருந்த கோஃபர் என்ற முறையில், தமக்குப் பயன்பட்ட முகவரிகளை ஒரு கோப்பில் சேர்த்து வந்தார். அந்தக் கோப்புதான் பிறகு ‘லைப்ரேரியன்ஸ் இண்டெக்ஸ் டு தி இன்டர்நெட்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான தளங்களைக் கொண்ட பெரிய வழிகாட்டியாக வளர்ந்தது. 1995இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ‘இன்டர்நெட் பப்ளிக் லைப்ரரி’ பிறந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ‘பபிள்’ என்ற சேவை, இணையதளங்களைப் புத்தகங்களைப் போலவே டியூயி எண் கொடுத்து அடுக்கிக் காட்டியது.

மூன்றுமே இன்று இயங்கவில்லை. பபிள் 2011இல் புதுப்பிக்கப்படாமல் நின்றது. லீடாவின் பட்டியலும் மிச்சிகனின் நூலகமும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டும் தாக்குப்பிடிக்கவில்லை. 2015 ஜூன் மாதத்தோடு அந்தச் சேவை முடிந்தது. பணமும் ஆளும் போதாமல் போனது ஒரு காரணம். அதைவிட அடிப்படையான காரணம், வேலையின் இயல்பிலேயே இருந்தது. ஒரு புத்தகத்துக்கு ஒருமுறை எண் போட்டுவிட்டால் அது ஐம்பது ஆண்டுகளுக்கு அதே தட்டில் இருக்கும். இணையப் பக்கம் அப்படி இருப்பதில்லை. முகவரி மாறும், உள்ளடக்கம் மாறும், ஒருநாள் காணாமலே போகும். பத்துப் பேர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, விவரித்து, வகைப்படுத்தி முடிப்பதற்குள் வெளியே லட்சக்கணக்கில் புதிய பக்கங்கள் வந்துவிடுகின்றன.

இந்த இடத்தில்தான் 2003இல் ஜோஷுவா ஷாக்டர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ‘டெலிஷியஸ்’ நூலகர்களின் கவனத்தை ஈர்த்தது. அதன் அமைப்பு எளிமையானது. உலாவியில் ஒரு பக்கத்தைப் பார்க்கிறார் ஒருவர். பிறகு வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் சிறு பெட்டி திறக்கும். முகவரியும் தலைப்பும் தாமாகவே வந்து உட்காரும். கீழே உள்ள கட்டத்தில் தமக்குத் தோன்றும் சொற்களை அவர் தட்டச்சு செய்வார். அவைதாம் குறிச்சொற்கள். கோப்புறைக்குள் கோப்புறை என்று அடுக்க வேண்டியதில்லை. ஒரே பக்கத்துக்கு ‘வரலாறு’, ‘ரயில்வே’, ‘புகைப்படம்’ என்று மூன்று சொற்களையும் கொடுக்கலாம். எந்தச் சொல்லைத் தொட்டாலும் அந்தப் பக்கம் வரும்.

அதுவரை புக்மார்க் என்பது ஒருவரின் கணினிக்குள் பூட்டிக் கிடந்த தனிப்பட்ட சங்கதி. டெலிஷியஸ் அதைப் பொதுவில் வைத்தது. ‘ரயில்வே’ என்ற சொல்லைத் தொட்டால் உலகில் யாரெல்லாம் அந்தச் சொல்லில் எதையெல்லாம் சேமித்திருக்கிறார்களோ அத்தனையும் தெரியும். ஒரு குறிப்பிட்ட பக்கத்தைச் சேமித்த மற்றவர்கள் யார், அவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றும் பார்க்கலாம். இப்படிப் பயன்படுத்துபவர்களே உருவாக்கும் வகைப்பாட்டுக்கு 2004இல் தாமஸ் வாண்டர் வால் ‘ஃபோக்சானமி’ என்று பெயரிட்டார். தமிழில் மக்கள் வகைப்பாடு எனலாம். 2005 டிசம்பரில் யாகூ நிறுவனம் டெலிஷியஸை வாங்கியது. 2008 முடிவில் 53 லட்சம் பயனர்கள் இருப்பதாகவும் 18 கோடி முகவரிகள் சேர்ந்திருப்பதாகவும் அந்தச் சேவை அறிவித்தது.

ஆளாளுக்கு மனம்போன போக்கில் பெயர் வைத்தால் குழப்பம்தானே மிஞ்சும்? நூலகர்கள் எழுப்பிய முதல் ஐயம் இதுதான், நியாயமான ஐயமும்கூட. எச்.பி. ஆய்வகத்தில் ஸ்காட் கோல்டரும் பெர்னார்டோ ஹூபர்மனும் டெலிஷியஸ் தரவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு பக்கத்தை ஏறத்தாழ நூறு பேர் சேமித்த பிறகு, அதற்குக் கிடைத்த குறிச்சொற்களின் விகிதம் நிலைபெற்றுவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அதாவது, முதல் சிலரின் சொற்கள் தாறுமாறாக இருந்தாலும், கூட்டம் பெருகப் பெருக எந்தச் சொல் முன்னிற்கும், எது பின்தங்கும் என்பது ஓர் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காமலே ஓர் உடன்பாடு உருவாகிறது. 

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பல குறிச்சொற்கள் பொருளைப் பற்றியவையே அல்ல. ‘படிக்க வேண்டும்’, ‘என்னுடையது’, ‘வேடிக்கை’ போன்றவை சேமித்தவரின் தேவையைச் சொல்பவை. நூலகத்துக்கு இவை பதராகத் தோன்றலாம். ஆனால் சேமித்தவருக்கு இவைதாம் மிகவும் பயன்படும் சொற்கள். இவற்றுக்காகத்தான் அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே செய்தார். இதை மறந்த நூலகத் திட்டங்கள் பின்னால் பாடம் கற்க நேர்ந்தது.

நூலகங்களில் துணிந்து இறங்கியவற்றுள் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2005இல் அது ‘பென்டேக்ஸ்’ என்ற சொந்தக் கருவியை உருவாக்கியது. டெலிஷியஸைப் போலவே இணையப் பக்கங்களைச் சேமிக்கலாம். அதோடு, நூலகப் பட்டியலில் உள்ள ஒரு புத்தகத்தின் பதிவையும், கட்டணத் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரையையும் அதே முறையில் சேமித்துக் குறிச்சொல் கொடுக்கலாம். ஓர் ஆய்வு மாணவர் தம் தலைப்புக்கு வேண்டிய புத்தகம், கட்டுரை, திரைப்படம், இணையதளம் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தின் கீழ் குறிப்புகளோடு தொகுத்துவிடலாம். அந்தத் தொகுப்பு அடுத்து வரும் மாணவருக்கும் கண்ணில் படும். நூலகப் பட்டியலில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தால், நூலகர் கொடுத்த பொருள் தலைப்புகளோடு மாணவர்கள் சூட்டிய சொற்களும் கிடைக்கும். பட்டியல் என்பது நூலகர் எழுதி வாசகர் படிப்பது என்ற பழைய ஏற்பாட்டில் இது பெரிய உடைப்பு.

பொது நூலகங்கள் இன்னும் எளிய வழியில் சென்றன. சொந்தக் கருவி செய்யும் வசதி இல்லாதவை டெலிஷியஸிலேயே நூலகத்தின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தன. கலிபோர்னியாவின் சான் மாட்டியோ நூலகம் அப்படிச் செய்தவற்றுள் ஒன்று. அதுவரை நூலகத் தளத்தில் ‘பயனுள்ள இணைப்புகள்’ பக்கத்தைத் திருத்த வேண்டுமென்றால் கணினிப் பிரிவின் கையை எதிர்பார்க்க வேண்டும். இப்போது குறிப்புதவி மேசையில் இருப்பவரே, வாசகர் ஒருவருக்காகத் தேடிக் கண்ட தளத்தை அந்த நிமிடமே சேமித்துவிடலாம். ஒருவருக்குச் சொன்ன பதில் ஊருக்கெல்லாம் கிடைக்கும் பதிலாகிறது. அன்றாடப் பணியில் இதைவிடப் பெரிய ஆதாயம் வேறில்லை என்றே சொல்ல வேண்டும்.

மக்கள் சூட்டும் பெயருக்கு எவ்வளவு மதிப்புண்டு என்பதை அளந்து காட்டிய சோதனை 2008இல் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்த ஆண்டு ஜனவரி 16 அன்று சுமார் 3,000 பழைய புகைப்படங்களை ஃபிளிக்கர் தளத்தில் ஏற்றி, பார்ப்பவர்கள் குறிச்சொல்லும் கருத்தும் சேர்க்கலாம் என்று அறிவித்தது. அவற்றில் ஒரு பகுதி பெயின் செய்திப் படநிறுவனத்தின் கண்ணாடித் தகடுகள். அவற்றைப் பற்றி நூலகத்திடம் இருந்த தகவல் பெரும்பாலும் அந்தத் தகட்டின் ஓரத்தில் நிறுவனத்தார் கீறி வைத்திருந்த ஓரிரு சொற்கள் மட்டும்தான். ஒரு குடும்பப்பெயர் இருக்கும், முழுப்பெயர் இருக்காது. ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். என்ன நிகழ்ச்சி, எந்த நாள் என்று இருக்காது. ஆயிரக்கணக்கான தகடுகளையும் ஒவ்வொன்றாக ஆராய நூலகத்தில் ஆள் கிடையாது. ஃபிளிக்கரில் பார்த்தவர்கள் பழைய செய்தித்தாள்களைத் தேடிப் படித்தார்கள். கட்டடத்தின் முகப்பு, கப்பலின் பெயர், சீருடையின் அமைப்பு என்று ஒவ்வொரு துப்பாகப் பிடித்து நாளையும் நிகழ்ச்சியையும் கண்டுபிடித்துச் சான்றோடு எழுதினார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த நூலகத்தின் அறிக்கை, எண்ணிக்கையோடு பேசியது. அதற்குள் ஏற்றப்பட்டிருந்த படங்கள் 4,615. அவற்றில் 4,548 படங்களுக்குக் குறைந்தது ஒரு குறிச்சொல்லாவது கிடைத்திருந்தது. 2,518 பேர் சேர்ந்து 67,176 குறிச்சொற்களைக் கொடுத்திருந்தார்கள். தகாதவை என்று நூலகம் நீக்க நேர்ந்தவை 25க்கும் குறைவு. மக்கள் தந்த தகவலைச் சரிபார்த்து 500க்கும் மேற்பட்ட படங்களின் பட்டியல் பதிவுகளை நூலகம் திருத்திக்கொண்டது. பொதுமக்களிடம் விட்டால் கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. 

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி எண். 67,000 சொற்கள் வந்தன. 500 பதிவுகள் திருந்தின. இடையில் இருப்பது நூலகரின் உழைப்பு. வந்ததைப் படித்து, ஐயுற்று, ஆதாரம் கேட்டு, சரியானதை எடுத்துக்கொண்டார்கள். குறிச்சொல் வந்தால் நூலகர் தேவையில்லை என்று அக்காலத்தில் உற்சாகமாக எழுதியவர்கள் பலர். ஃபிளிக்கர் சோதனையின் வெற்றி அவர்களுக்கு எதிரான சாட்சி.

எல்லா இடத்திலும் மக்கள் இப்படி ஓடிவந்து பெயர் சூட்டவில்லை. டிம் ஸ்பால்டிங் 2005இல் தொடங்கிய ‘லைப்ரரிதிங்’ தளத்தில் மக்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களைப் பட்டியலிட்டுக் குறிச்சொல் கொடுத்தார்கள். அதே ஆண்டு அமேசானும் தன் தளத்தில் குறிச்சொல் வசதியைத் திறந்தது. அமேசானுக்கு வந்துபோகும் கூட்டம் லைப்ரரிதிங்கைவிடப் பலமடங்கு பெரிது. இருந்தும் 2007 தொடக்கத்தில் ஸ்பால்டிங் கணக்கெடுத்தபோது, லைப்ரரிதிங்கில் சேர்ந்திருந்த குறிச்சொற்கள் அமேசானில் இருந்ததைப்போல் பத்து மடங்கு. அவர் சொன்ன விளக்கம் நேரடியானது: மனிதர்கள் தங்கள் பொருளை ஒழுங்குபடுத்துவார்கள், கடைக்காரரின் பொருளை ஒழுங்குபடுத்திக் கொடுக்க மாட்டார்கள்.

நூலகங்கள் தங்கள் பட்டியலில் குறிச்சொல் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தபோது நேர்ந்ததும் இதுவே. ஒரு நகரத்தின் நூலகப் பட்டியலில் பல லட்சம் பதிவுகள் இருக்கும். குறிச்சொல் சேர்ப்பவர்களோ சில நூறு பேர். கோல்டர், ஹூபர்மன் கண்ட நூறு என்ற எல்லையை எந்தப் புத்தகமும் எட்டாது. ஆகவே 2007இல் லைப்ரரிதிங், தன்னிடம் சேர்ந்த சொற்களை நூலகங்களின் பட்டியலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் சேவையைத் தொடங்கியது. கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நூலகம் அதை முதலில் ஏற்றது. தனக்காகச் சூட்டிய பெயர் இன்னொருவருக்கும் பயன்படுமாறு அமைவது நல்ல வடிவமைப்பு. ஊருக்காகப் பெயர் சூட்டுங்கள் என்று வெறுமனே அழைப்பது வீண் வேலை.

நூலகரின் சொல்லுக்கும் வாசகரின் சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டச் சமையலே போதும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியலில் சமையல் புத்தகங்களுக்கு உரிய சொல் நெடுங்காலம் ‘குக்கரி’. அமெரிக்காவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எல்லோரும் ‘குக்கிங்’ என்பார்கள். 2010இல்தான் அந்தத் தலைப்பு மாறியது. உரிய ஆவணமின்றி நாட்டில் இருப்பவர்களைக் குறித்த, மனத்தைப் புண்படுத்தும் ஒரு தலைப்பை மாற்றக் கோரி டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014இல் மனுக் கொடுத்தார்கள்; அது அரசியல் சர்ச்சையாகி, 2021 நவம்பரில்தான் மாற்றம் வந்தது. ஏழு ஆண்டுகள். குறிச்சொல் அந்த மாற்றத்தை முதல்நாளே செய்துவிடும். அமெரிக்க அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்திய ‘ஸ்டீவ்’ ஆய்வில், பார்வையாளர்கள் கலைப்பொருள்களுக்குக் கொடுத்த சொற்களில் 86 விழுக்காடு அருங்காட்சியகப் பதிவுகளில் இல்லாதவை. மொத்தச் சொற்களில் 88 விழுக்காடு தேடலுக்குப் பயன்படக்கூடியவை என்று அங்குள்ள ஊழியர்களே மதிப்பிட்டார்கள்.

ஒரு பொருளுக்கு ஒரே இடம் என்ற கட்டை உடைக்க வேண்டும் என்ற எண்ணம் இணையத்தோடு பிறந்ததல்ல. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், டியூயியின் எண்கள் புதிய துறைகளை அடக்கப் போதவில்லை என்று உணர்ந்தார். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டி எத்தனையோ வடிவங்களைச் செய்யலாம். அறிவையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டலாம் என்ற அந்தச் சிந்தனையிலிருந்து 1933இல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களில் ஒரு நூலின் உள்ளடக்கத்தைச் சொல்லி, முகங்களைக் குறியீட்டால் இணைக்கும் முறை அது.

ஓர் இணையப் பக்கத்துக்கு ‘நெசவு’, ‘பெண் தொழிலாளர்’, ‘சேலம்’, ‘1970கள்’ என்று நான்கு குறிச்சொற்கள் கொடுப்பவர், தம்மை அறியாமலே இந்த முகங்களைத் தொடுகிறார். வேறுபாடு என்னவென்றால், ரங்கநாதன் எந்த முகம் முதலில், எது அடுத்து என்று இலக்கணம் வகுத்தார். குறிச்சொல் அதைக் கைவிட்டது. அந்த இலக்கணத்தை முழுதாகக் கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் இணைப்பைச் சேமிக்கும் நூலகர் ஒவ்வொரு முறையும் ‘எதைப் பற்றி, யார், எங்கே, எப்போது’ என்று நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும், அந்தத் தொகுப்பின் தரம் ஒரே மாதத்தில் உயர்ந்துவிடும். சென்னையில் உருவான இந்த முறையை டெலிஷியஸ் காலத்து விவாதங்களில் பலர் மறந்தே போனது வருத்தத்துக்குரியது.

தமிழில் குறிச்சொல் கொடுக்கும்போது ஆங்கிலத்தில் இல்லாத சிக்கல்கள் வந்து நிற்கின்றன. ஒரே பொருளுக்கு நான்கு பேர் ‘தமிழ் கவிதை’, ‘தமிழ்க் கவிதை’, ‘தமிழ்க்கவிதை’, ‘தமிழ்க்கவிதைகள்’ என்று எழுதினால் கணினிக்கு அவை நான்கு தனித்தனிச் சொற்கள். ஒற்று மிகுவதும், சேர்த்து எழுதுவதும், பன்மை விகுதியும் ஒரே தொகுப்பை நான்காகப் பிளந்துவிடும். டெலிஷியஸ் சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் குறிச்சொல்லின் முடிவாகக் கொண்டதால், ‘மழைநீர் சேகரிப்பு’ என்று தட்டினால் அது ‘மழைநீர்’ என்றும் ‘சேகரிப்பு’ என்றும் இரண்டாக உடையும். 

கண்ணுக்கே தெரியாத பிளவும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் துணைக்குறியை யூனிகோடில் இரண்டு வழிகளில் பதியலாம்: ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் இடலாம்; ஒற்றைக் கொம்பையும் காலையும் இரு குறியெண்களாக அடுத்தடுத்தும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மென்பொருள் அவற்றைச் சீராக்கிக்கொள்ளாவிட்டால் ‘கொடைக்கானல்’ என்று தேடுபவருக்குப் பாதி இணைப்புகள்தான் வரும். மீதி அங்கேயே இருந்தும் கிடைக்காது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கும் இதே கதை: ஸகரத்தில் தொடங்கியும் பதியலாம், ஶகரத்தில் தொடங்கியும் பதியலாம். ஸ்ரீரங்கம் பற்றியும் ஸ்ரீவில்லிபுத்தூர் பற்றியும் இணைப்புகளைத் தொகுக்கும் நூலகம் இதைக் கவனிக்காமல் விட்டால் தொகுப்பு அரைகுறையாகிவிடும். தமிழ் நூலகத்துக்குக் கருவி வாங்குபவர்களும் செய்பவர்களும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்தச் சிதறலுக்கு நூலக உலகத்துக்கு வெளியே ஓர் அருமையான தீர்வு நடைமுறையில் இருக்கிறது. ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்பது, தங்களுக்குப் பிடித்த கதைகளையும் படங்களையும் அடியொற்றி ரசிகர்கள் எழுதும் படைப்புகளின் களஞ்சியம். 2009இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2019இல் ஹியூகோ விருது பெற்றது. அங்கு எழுதுபவர் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் குறிச்சொல்லாகக் கொடுக்கலாம். யாரும் தடுப்பதில்லை, திருத்துவதுமில்லை. ஆனால் பின்னணியில் தன்னார்வலர் குழு ஒன்று ஒவ்வொரு புதிய சொல்லையும் பார்க்கிறது. ஒரே பாத்திரத்தை ஐந்து விதமாக எழுதியிருந்தால், ஐந்தையும் ஒரு தலைமைச் சொல்லோடு இணைத்து வைக்கிறது. படைப்பின் மேல் எழுதியவரின் சொல் அப்படியே நிற்கும். தேடுபவர் எந்த வடிவத்தில் தேடினாலும் எல்லாம் சேர்ந்து வரும். 

வாசகரின் சொல்லை மதிப்பதும் ஒழுங்கைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைத்தவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ‘தமிழ்க்கவிதைகள்’ என்று எழுதியவரைத் திருத்த வேண்டாம். அதை ‘தமிழ்க் கவிதை’யோடு முடிச்சுப் போட்டால் போதும். நூலகருக்கு இது புதிய வேலையுமல்ல. ‘காண்க’ என்று குறிப்பு அட்டையில் எழுதி வந்ததன் தொடர்ச்சிதான்.

குறிச்சொல் முறைக்கு நேர்ந்த பெருங்கேடு குழப்பத்தால் வந்ததல்ல. வீடு பிறருடையதாக இருந்ததால் வந்தது. 2009 ஜனவரி இறுதியில் ‘மக்னோலியா’ என்ற புக்மார்க் சேவையின் தரவுத்தளம் பழுதடைந்தது. மாற்றுப் பிரதியும் பயன்படவில்லை. பயனர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்தவை ஒரே நாளில் போயின. 2010 டிசம்பரில் யாகூ டெலிஷியஸை மூடப்போகிறது என்ற செய்தி கசிந்தது. 2011இல் அது யூடியூப் நிறுவனர்கள் சாட் ஹர்லி, ஸ்டீவ் சென் ஆகியோரின் புதிய நிறுவனத்துக்குக் கைமாறியது. அவர்கள் செய்த மறுவடிவமைப்பில், ஆயிரக்கணக்கானோர் தங்கள் குறிச்சொற்களில் பயன்படுத்திவந்த சாய்கோட்டைத் தேட முடியாமல் போனது. அந்தக் கோட்டை நம்பித் தொகுப்பை அமைத்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பிறகும் இருமுறை கைமாறி, 2017இல் டெலிஷியஸை ‘பின்போர்டு’ என்ற சிறு சேவையை நடத்தும் மாசியே செக்லோவ்ஸ்கி 35,000 டாலருக்கு வாங்கினார். 

ஆய்வாளர்களுக்கான சேவைகளும் தப்பவில்லை. நேச்சர் பதிப்பகம் 2004 முடிவில் தொடங்கிய ‘கானோட்டியா’ 2013இல் மூடப்பட்டது. அதே காலத்தில் பிறந்த ‘சைட்யுலைக்’ 2019 மார்ச்சில் நின்றது. கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பரில், பாக்கெட் 2025 ஜூலையில். இந்த வரிசையில் எந்தச் சேவையை நம்பியிருந்தாலும், நூலகம் தன் உழைப்பை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக ஓட வேண்டியிருந்திருக்கும்.

இணைப்புகளுக்கு உள்ள ஆயுளும் குறைவு. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சுட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதியளவு, முதலில் சுட்டிய தகவலைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளி ஆய்வாளர்கள் கண்டார்கள். சட்ட நூலகங்கள் கைகோத்து, சுட்டப்படும் பக்கத்தின் பிரதியையே சேமிக்கும் ‘பெர்மா’ சேவை அதையொட்டி 2013இல் வந்தது. எனவே முகவரியும் குறிச்சொல்லும் மட்டும் வைத்திருக்கும் தொகுப்பு முழுமையானதல்ல. பக்கம் மறைந்தாலும் அது எதைப் பற்றியது என்று சொல்லும் இரண்டு வரிக் குறிப்பு வேண்டும். முடிந்தால் இணைய ஆவணக் களஞ்சியத்தில் சேமித்த பிரதியின் முகவரியும் கூடவே வேண்டும்.

இன்று தொடங்க நினைக்கும் நூலகத்துக்குக் கருவிப் பஞ்சம் இல்லை. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் உருவான ‘ஸொடெரோ’ கட்டணமின்றிக் கிடைக்கிறது. குழுவாகச் சேர்ந்து இணைப்பு சேர்க்கலாம், குறிச்சொல் கொடுக்கலாம், பக்கத்தின் பிரதியையும் சேமிக்கலாம். ‘ஷார்லி’, ‘லிங்க்டிங்’ போன்ற திறமூல மென்பொருள்களை நூலகம் தன் சொந்த வழங்கியிலேயே நிறுவிக்கொள்ளலாம். இந்தியாவில் பல கல்லூரி நூலகங்கள் பயன்படுத்தும் ‘கோஹா’ மென்பொருளில் வாசகர் குறிச்சொல் சேர்க்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. நூலகர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியில் தெரியும்படியும் அமைக்கலாம். அந்த அமைப்பை இயக்கிவிட்டாலே போதும், பென்டேக்ஸ் செய்ததில் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும். எந்தக் கருவியானாலும், தொகுப்பு முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதில் முதல் இணைப்பைச் சேர்க்க வேண்டும். நெட்ஸ்கேப் காலத்தில் வகுத்த புக்மார்க் கோப்பு வடிவத்தை இன்றைய உலாவிகளும் படிக்கின்றன. அத்தனை சேவைகள் மறைந்தும் அந்த எளிய கோப்பு நிலைத்திருக்கிறது.

தமிழில் இதற்கான தேவை கண்கூடு. ஈழத்து எழுத்தாவணங்களைத் திரட்டும் நூலகம் தளம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் விக்கிப்பீடியா என்று பெரிய வாயில்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு மாவட்டத்தின் நீர்நிலைகள் பற்றிய அரசு அறிக்கை, ஓர் ஊரின் கல்வெட்டு பற்றிய கட்டுரை, ஒரு நாட்டார் கலைஞரின் காணொளி ஆகியவை ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஒரு பள்ளி மாணவி தன் ஊர் ஏரியைப் பற்றித் தேடும்போது தேடுபொறி முதலில் காட்டுவது பெரும்பாலும் நிலம் விற்கும் விளம்பரங்களைத்தான். அந்த ஊரை அறிந்த நூலகர் ஒருவர் தேர்ந்து வைத்த முப்பது இணைப்புகள் அவளுக்கு எவ்வளவோ மேல்.

ஆகவே மாவட்ட நூலகர்களுக்கும் கல்லூரி நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரைப் பற்றிய ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். வாசகர் கேட்டுத் தேடிக் கொடுத்த ஒவ்வொரு இணைப்பையும் அந்த மேசையிலேயே, இரண்டு வரிக் குறிப்போடு சேமியுங்கள். வாசகர் எந்தச் சொல்லில் கேட்டாரோ அந்தச் சொல்லையே குறிச்சொல்லாக வையுங்கள். உங்கள் பொருள் தலைப்பை அதனோடு இணையுங்கள். மாதம் ஒருமுறை செத்துப்போன முகவரிகளைக் களையுங்கள். கோப்பின் பிரதியை நூலகத்தின் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.